மணல் நாக்கில் ஒரு போர்க்கால இருப்புப்பாதை

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஹம்பர் ஆறு வட கடலில் கலக்கும் இடத்தில், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மணல் திட்டு நாக்கு நீட்டியதுபோல் கிடக்கிறது. ஸ்பர்ன் என்பது அதன் பெயர். சில இடங்களில் அதன் அகலம் 50 மீட்டரளவே. ஒருபுறம் சீறும் கடல். மறுபுறம் சேறும் பறவைகளும் நிறைந்த அமைதியான கழிமுகம். இத்தகைய இடத்தில் இரயில் ஓடியது என்றால் நம்புவது கடினம்தான். ஆயினும் 1915 முதல் 1950-களின் தொடக்கம் வரை ஓடியது.

முதல் உலகப் போரின் தொடக்கத்திலேயே இதற்கான காரணம் எழுந்தது. 1914 டிசம்பர் 16 அன்று ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் ஸ்கார்பரோ, விட்பி, ஹார்ட்டில்பூல் ஆகிய கரையோர ஊர்களின்மீது குண்டு பொழிந்தன. ஹல், கிரிம்ஸ்பி என்னும் இரு பெரும் துறைமுகங்களுக்கும் கடல்வாயிலாக விளங்குவது ஹம்பர் கழிமுகம். அதைக் காக்க, ஸ்பர்ன் முனையில் ஒரு கோட்டையும், மணல் நாக்கு நிலத்தோடு இணையும் கில்ன்சி கிராமத்தில் காட்வின் பீரங்கித்தளமும், ஆற்றுவாயின் நீருக்குள்ளேயே புல் சாண்ட், ஹெயில் சாண்ட் என்னும் இரு கோட்டைகளும் எழுப்பத் திட்டமிட்டனர். காட்வின் தளத்தில் 9.2 அங்குலப் பீரங்கிகள் இரண்டு அமைந்தன.

பீரங்கி, சிமெண்ட், கல், குண்டு, உணவு ஆகிய அனைத்தையும் மணலின்மீது எப்படிக் கொண்டுசெல்வது? அக்காலத்தில் முனைவரை ஒழுங்கான சாலை இல்லை. எனவே முனையில் படகுத்துறை கட்டி, அங்கிருந்து கில்ன்சி வரை சுமார் 6 கிலோமீட்டர் தொலைவுக்கு மணலிலும் புல்லிலும் தண்டவாளம் பதித்தனர். நாட்டின் இரயில் வலையமைப்போடு இது இணைக்கப்படவே இல்லை. எங்கிருந்தும் புறப்படாத, எங்கும் சென்று சேராத ஒரு தனித்த பாதை. நீராவி எஞ்சின்கள் அதில் முன்னும் பின்னும் சென்று வந்தன.

படைக்காக அமைந்த பாதை என்றாலும், அதனால் மிகுந்த பயன் கண்டவர்கள் படைவீரர்கள் அல்லர் என்றே நமக்குத் தோன்றுகிறது. முனையில் கலங்கரை விளக்கத்துப் பணியாளரும், 1810 முதல் அங்கேயே தங்கிக் கடமையாற்றிய மீட்புப் படகுக் குழுவினரும் குடும்பத்தோடு வாழ்ந்தனர். கடலில் கப்பல் தத்தளித்தால் உயிரைப் பணயம் வைத்துப் புறப்படும் அவர்கள், வீட்டுக்கு மாவும் சர்க்கரையும் வாங்க வேண்டுமெனில் மணலில் பல கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது. தண்டவாளம் வந்ததும் அவர்கள் ஓர் எளிய வழி கண்டனர். நான்கு சக்கரங்களின்மேல் பலகைத் தளம் அமைத்து, நடுவில் ஒரு மரக்கம்பம் நட்டு, அதில் பாய் கட்டினர். படகோட்டிகள் அல்லவா? காற்றைப் பிடிக்க அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இந்தப் பாய்வண்டியின் இயக்கம் சுவையானது. கடலில் படகு குறுக்குக் காற்றில் பக்கவாட்டில் நழுவும்; அதைத் தடுக்க அடிக்கட்டை தேவை. இங்கோ, சக்கரத்தைத் தண்டவாளமே இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே குறுக்கே வீசும் காற்றும் வண்டியை முன்னோக்கியே இழுக்கும். மணல் நாக்கு ஏறக்குறைய வடக்கு தெற்காக நீள்வதால், மேற்குக் காற்று வீசும் நாளில் போகவும் வரவும் ஒரே காற்று போதும். நிறுத்துவதுதான் சிக்கல். ஒழுங்கான பிரேக் கிடையாது. பாயை இறக்கிக் காத்திருக்க வேண்டும். ஒற்றைப் பாதையில் எதிரே நீராவி எஞ்சின் வந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

கோட்டைகளின் கதை வேறு. புல் சாண்ட் கோட்டையின் கட்டுமானம் 1915-இல் தொடங்கி 1919-இல்தான் முடிந்தது. அதற்குள் போரே ஓய்ந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் இவை மீண்டும் உயிர்பெற்றன. அப்போது மணல் நாக்கில் காங்கிரீட் சாலையும் போடப்பட்டது. சாலை வந்தபின் இரயிலுக்கு வேலை குறைந்தது. 1950-களின் தொடக்கத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்தனர். 1956-இல் பிரிட்டன் தன் கரையோரப் பீரங்கிப் படைப்பிரிவையே கலைத்துவிட்டது.

இன்று அங்கு எஞ்சியிருப்பது என்ன? கில்ன்சிக் கடற்கரையில் நடந்தால், யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோல் பெரும் காங்கிரீட் பாளங்கள் சரிந்து கிடக்கின்றன. அவையே காட்வின் பீரங்கித்தளம். எதிரியின் குண்டு அதைத் தொடவில்லை. கடல்தான் கரையின் களிமண்ணைக் கரைத்து அதனைக் கீழே தள்ளியது. ஹோல்டர்னஸ் எனப்படும் இக்கரை சராசரியாக ஆண்டுக்கு 2 மீட்டரளவு உள்வாங்குகிறது. ஐரோப்பாவில் மிக விரைவாக அரிக்கப்படும் கரைகளுள் இது ஒன்று. சற்று உள்ளே, வயல்வெளியில், ஆகாயக் கப்பல்களின் ஒலியை முன்கூட்டியே கேட்க அமைத்த காங்கிரீட் ஒலிக்கண்ணாடி நிற்கிறது. ரேடார் வருவதற்கு முந்தைய காலத்துக் காது அது.

தெற்கே செல்லச் செல்ல, பழைய காங்கிரீட் சாலையின் குறுக்கே ஒன்றிரண்டு இடங்களில் இரும்புத் தண்டவாளங்கள் புதைந்து தெரிகின்றன. பெயர்த்தவர்கள் சாலையை உடைக்க மனமின்றி விட்டுவைத்த துண்டுகள் போலும். இருபுறமும் அவற்றுக்குத் தொடர்ச்சி இல்லை. ஒரு முனை முட்புதருக்குள் நுழைகிறது, மறுமுனை மணலில் மறைகிறது. ஸ்பர்னில் நாம் கண்டவற்றுள் நெடுநேரம் நிற்கவைத்தது இந்தச் சில அடி இரும்புதான்.

அச்சாலையும் முழுமையாக இல்லை. படையினர் இருந்தவரை மரத்தடுப்புகளைச் சீர்செய்து மணல் நாக்கைக் கட்டிக்காத்தனர். 1960-இல் யார்க்‌ஷயர் வனவுயிர் அறக்கட்டளை இவ்விடத்தை வாங்கியது. கடலரிப்புக்கு எதிரான செலவு நின்றது. ஹல் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் டி போர், ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு ஒருமுறை இம்மணல் நாக்கு வளர்ந்து, அறுந்து, மீண்டும் வளர்கிறது என்று கூறினார். பின்வந்தோர் அக்கணக்கை ஐயுற்றனர். 2013 டிசம்பர் 5 இரவு எழுந்த பேரலை ஏற்றம் கழுத்துப் பகுதியை அறுத்துச் சாலையைக் கொண்டுபோனது. சாலையை மீண்டும் போடவில்லை. மிக உயர்ந்த ஓதங்களின்போது முனை இப்போது தீவாகிவிடுகிறது.

மீட்புப் படகுக் குழுவினரின் குடும்பங்கள் அதற்கு முன்பே, 2012-இல் வெளியேறின. 2023-இல் குழுவும் கிரிம்ஸ்பிக்கு மாறியது; இரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்த குடியிருப்பு அத்தோடு முடிந்தது. முனையில் 1895-இல் கட்டிய கலங்கரை விளக்கம் 1985-இல் அணைந்தது. புதுப்பிக்கப்பட்டு 2016 முதல் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது.

வங்கி வாடிக்கையாளர்களுக்கு ஒரு செய்தி: நீருக்குள் நிற்கும் புல் சாண்ட் கோட்டை 2022-இல் ஏலத்துக்கு வந்தது. தொடக்க மதிப்பு 50,000 பவுண்டு; விலைபோனது 4,90,000 பவுண்டுக்கு. படகின்றிச் செல்ல முடியாத அந்தச் சொத்தை ஈடாக வைத்து எந்த வங்கி கடன் தரும் என்று நமக்குத் தெரியவில்லை.

செல்ல விரும்புவோர் கில்ன்சியில் உள்ள பார்வையாளர் நிலையத்தில் ஓத நேரத்தைக் கேட்டறிந்த பின்னரே கழுத்துப் பகுதியைக் கடக்க வேண்டும். மணலில் போகவர ஒரு நாள் முழுதும் ஒதுக்குங்கள். காற்றுக்குத் தாங்கும் உடையும் குடிநீரும் கையோடு இருக்கட்டும்.