சித்திரை வெயிலில் கூந்தன்குளம்

பறவை பார்க்க மார்கழி, தை மாதங்களில்தான் போக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். வடக்கிலிருந்து வரித்தலை வாத்துகள் வந்து இறங்கும் காலம் அது, அழகுதான். ஆனால் கூந்தன்குளத்துக்கு மட்டும் சித்திரையில் போங்கள் என்றே சொல்வேன். விருந்தாளிகள் கிளம்பிப் போனபின், இங்கேயே கூடு கட்டிக் குடித்தனம் நடத்தும் பறவைகளைப் பார்க்க அதுதான் நேரம்.

திருநெல்வேலியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். பக்கத்துக் காடன்குளத்தையும் சேர்த்து 129 ஹெக்டேர், 1994-ல் சரணாலயமானது. அதற்கு வெகுகாலம் முன்பே ஊரார் இந்தப் பறவைகளைக் காத்துவந்திருக்கிறார்கள். தீபாவளிக்குக்கூட வெடி கிடையாது. குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்கள் போதாமல் நாரைகள் தெருவுக்குள்ளும் வந்து, வீட்டு வாசல் வேம்பில் கூடு கட்டுகின்றன. எச்ச நாற்றத்தையும் குஞ்சுகளின் ஓயாத கத்தலையும் ஊர் பொறுத்துக்கொள்கிறது. எச்சம் கலந்த வண்டல் வயலுக்கு நல்ல எரு.

உச்சிவெயிலில் அப்படி ஒரு வேம்பைப் பார்த்துக்கொண்டு, சற்றுத் தள்ளி நின்றேன். பைனாகுலரே தேவைப்படவில்லை. கூட்டில் சங்குவளை நாரை ஒன்று, வெயிலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு இறக்கைகளையும் அகல விரித்து நின்றது. அந்த நிழலுக்குள் மூன்று குஞ்சுகள். அரைமணி நேரம் இறக்கையை மடக்கவில்லை. தாயா தகப்பனா தெரியாது. இரண்டும் முறைபோட்டுக் காக்கும். வளர்ந்த நாரைக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம், அலகைத் தட்டுவதோடு சரி. கத்துவதெல்லாம் குஞ்சுகள்தான். அடுத்த மரத்தில் கூழைக்கடாக் குஞ்சு ஒன்று, தாயின் தொண்டைப் பைக்குள் தலையை முழுக்க நுழைத்து மீனைத் தேடிக்கொண்டிருந்தது.

கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சைப் பெற்றவை திரும்பிப் பார்ப்பதில்லை. அப்படி விழுந்தவற்றை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த இவ்வூர் பால்பாண்டியைப் பறவை ஆர்வலர்கள் நன்றாக அறிவார்கள். அவர் இன்று இல்லை.

போகிறவர்கள் விடிகாலையிலோ சாயங்காலத்திலோ போங்கள். கூட்டு மரத்தடியில் கூட்டம் போடாதீர்கள். தாய் மிரண்டு எழுந்துவிட்டால், குஞ்சுகள் வெயிலில் கிடக்கும்.

என் கவலையெல்லாம் தண்ணீர்தான். மணிமுத்தாற்றுக் கால்வாய் வழியாக வரும் நீரை நம்பி இருக்கிறது குளம். மழை பொய்த்துக் குளம் வற்றினால், பறவைகள் கூட்டை அப்படியே விட்டுப் போய்விடும். வயலுக்குத் திறக்கும் தண்ணீரில் குளத்துக்கும் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் உறுதியாக வந்தாக வேண்டும். நாரைக் குஞ்சு பறக்க இரண்டு மாதம் ஆகும். அந்த வேம்பில் நான் பார்த்த மூன்றுக்கும் அப்போதுதான் இறகு முளைக்கத் தொடங்கியிருந்தது.