ஒப்புவிப்பது என்றால் சும்மா இருப்பதா?

சங்கீதம் 37:5-ல் தமிழ் வேதாகமம் ‘ஒப்புவி’ என்று சொல்லும் இடத்தில், எபிரெய மூலத்தில் இருப்பது ‘கலல்’ என்ற வினை. நேரடிப் பொருள்: உருட்டு. அதாவது, உன் வழியைக் கர்த்தர்மேல் உருட்டிவிடு. ஆதியாகமம் 29-ல் யாக்கோபு கிணற்று வாயிலிருந்த கல்லைப் புரட்டுவதும் இதே வினைதான்.

யோசிச்சுப் பாருங்க, தூக்க முடியாத பாரத்தைத்தானே உருட்டுவோம்? கல்லைப் புரட்டிய யாக்கோபு சும்மா உட்காரவும் இல்லை; ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டினான்.

நாளைக்கு அம்மாவோட பயாப்ஸி ரிசல்ட். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவது என் வேலை. முடிவு என் கையில் இல்லை. அதைத்தான் அவர்மேல் உருட்டுகிறேன். ராத்திரி அது திரும்ப வந்து நிற்கும். திரும்பவும் உருட்டணும், அவ்வளவுதான்.