பத்திரம் சரி, ஆள் யார்?

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி ஒரகடம் சாலையைப் பிடித்தால் வழி நெடுக மனை விற்பனைப் பலகைகள்தான். மறைமலை நகரிலும் ஒரகடத்திலும் ஷிப்டு பார்க்கிறவர்கள் பி.எஃப். பணத்தை எடுத்து, நகையை அடகு வைத்து, இங்கே ஒரு மனை வாங்குகிறார்கள். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்குகிறார்கள், 30 வருட வில்லங்கம் போடுகிறார்கள், பட்டாவை ஆன்லைனில் பார்க்கிறார்கள். எல்லாம் கிளியர். பத்திரமும் பதிவாகிவிடுகிறது. சில மாதம் கழித்துச் சுற்றுச்சுவர் எழுப்பப் போனால், "என் மனையில் உங்களுக்கு என்ன வேலை?" என்று ஒருவர் வந்து நிற்கிறார். அவர்தான் உண்மையான உரிமையாளர். பதிவு அலுவலகத்தில் அவர் பெயரில் கையெழுத்துப் போட்டது வேறு ஆள்.

இந்த ஆள்மாறாட்டத்தில் ஆவணத்தில் குறையே இருக்காது. வில்லங்கம் சுத்தமாக இருக்கும், ஏனென்றால் உண்மையான உரிமையாளர் யாருக்கும் விற்கவே இல்லை. வக்கீல் பார்ப்பது பேப்பரை. எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்தப் பேப்பரில் உள்ளவர்தானா என்று பார்ப்பது தன் வேலை என்று வக்கீலும் நினைப்பதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. இந்த ஒரு ஓட்டையில்தான் கும்பல் நுழைகிறது. 1990களிலும் அதற்குப் பிறகும் லேஅவுட்டில் வாங்கிப் போட்டுவிட்டு வெளியூர், வெளிநாடு போய்விட்டவர்களின் மனைகள், வேலி இல்லாமல் முள் மண்டிக் கிடப்பவை, அவர்களுக்கு வசதி. "ஓனர் வெளியூர்ல இருக்காருங்க சார், ரிஜிஸ்ட்ரேஷன் அன்னைக்கு நேரா வந்துடுவாரு" என்று புரோக்கர் சொன்னால், அங்கேயே நின்றுவிடுங்கள்.

முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் கட்டுகிறோம், அரசாங்கம் சரிபார்த்திருக்காதா என்று கேட்கிறார்கள். சரிபார்க்காது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையே இல்லை என்று 2025 ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றம் கே.கோபி வழக்கில் சொல்லி, அப்படிப் பார்க்கச் சொன்ன தமிழ்நாடு பதிவு விதி 55-அ(i)ஐ ரத்து செய்தது. அடையாளத்தைப் பார்க்கும் கடமை சார்பதிவாளருக்கு உண்டுதான். ஆனால் வரிசையாக டோக்கன் ஓடுகிற அலுவலகத்தில் ஓர் அட்டையும் இரண்டு சாட்சிகளும் இருந்தால் வேலை முடிந்தது. அந்த இரண்டு சாட்சிகளையும் கூட்டி வந்ததே பெரும்பாலும் புரோக்கர்தான். பொதுமக்கள் ஆயுள் சேமிப்பைக் கொட்டும் இடத்தில் இந்த அலட்சியம் மன்னிக்கத்தக்கதல்ல. ஆனால் அது திருந்தும்வரை காத்திருக்க உங்களுக்கு அவகாசமில்லை.

ஆகவே அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. விற்பவர் எந்தப் பத்திரத்தின் மூலம் அந்த மனையை வாங்கினாரோ, அதன் சான்றிட்ட நகலை நீங்களே எடுங்கள். புரோக்கர் தரும் ஜெராக்ஸ் வேண்டாம். ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் ஆகிய மூன்றும் வில்லங்கச் சான்றிலேயே இருக்கும். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவுச் சட்டத்தில் 2001இல் சேர்த்த 32-அ பிரிவுப்படி, எழுதிக் கொடுப்பவர் மட்டுமல்ல, வாங்குபவரின் படமும் கைரேகையும்கூடப் பத்திரத்தோடு சேர வேண்டும். அந்த நகலை மேசையில் விரித்து, எதிரே இருப்பவரின் முகத்தையும் கையெழுத்தையும் ஒப்பிடுங்கள். அதற்கு முந்திய பத்திரம் என்றால் படம் இருக்காது, வயது இருக்கும். 1998இல் "சுமார் 45 வயது" என்று எழுதியவருக்கு இன்று 70க்கு மேல். உங்கள் முன்னால் காபி குடிப்பவருக்கு 50 வயதுதான் இருக்கும் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த வட்டாரத்துக்கென்றே இன்னொரு சோதனை உண்டு. சிங்கப்பெருமாள் கோவில் 1997 ஜூலை வரை செங்கல்பட்டு வருவாய் மாவட்டம், பிறகு காஞ்சிபுரம், 2019 நவம்பர் முதல் மீண்டும் செங்கல்பட்டு. 2005ஆம் ஆண்டுப் பத்திரம் என்று காட்டும் தாளில் வருவாய் மாவட்டம் செங்கல்பட்டு என்று இருந்தால் அது எப்போது தயாரானது என்று கேளுங்கள். பதிவு மாவட்டம் வேறு, வருவாய் மாவட்டம் வேறு; இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆதார் அட்டையைக் கண்ணால் பார்த்தால் போதாது. வேறொருவர் எண்ணில் தன் படத்தை ஒட்டி லேமினேஷன் போடுவது ஒரு கடை வேலை. அட்டையிலுள்ள க்யூஆர் குறியீட்டை ஆதார் ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால் உண்மையான பெயரும் படமும் திரையில் வரும். விற்பவர் மறுத்தால் அதுவே பதில். அவர் வீட்டுக்குப் போங்கள். பழைய வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, மனைக்குக் கட்டிய வரி ரசீது ஆகியவற்றைக் கேளுங்கள். பக்கத்து மனைக்காரரிடம் விசாரியுங்கள். பணத்தை விற்பவரின் சொந்த வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள், அதுவும் நேற்றுத் திறந்த கணக்காக இருக்கக் கூடாது. ஓராண்டு ஸ்டேட்மென்ட் கேட்பதில் தப்பில்லை. மனை அட்வான்ஸை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாற்றுவது வருமான வரிச் சட்டப்படியே தவறு.

பவர் ஏஜென்ட் விற்றால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். பவர் கொடுத்தவர் இறந்த கணமே அந்த அதிகாரமும் முடிந்துவிடும். அதனால்தான் பழைய பவர் என்றால் பதிவுத்துறை உயிர்வாழ் சான்று கேட்கிறது. அந்தச் சான்றிலுள்ள மருத்துவர் உண்மையில் கொடுத்தாரா என்று கிளினிக்கில் போய்க் கேளுங்கள். அதைவிட நல்லது, பவர் கொடுத்தவரையே நேரில் பார்ப்பது. "அசல் தொலைந்துவிட்டது, போலீஸ் சான்று இருக்கிறது" என்றாலும் அதே கதைதான்: ஆவணத்தைக் கண்டறிய இயலவில்லை என்ற சான்றைக் கொடுத்த காவல் நிலையத்தில் எண்ணைச் சொல்லிச் சரிபார்க்காமல் நகராதீர்கள். உயில் வழி வந்த மனை என்றாலும் வில்லங்கத்தை மட்டும் நம்பாதீர்கள்: பதிவான உயில்கூட அதில் வராது. அது பதிவு அலுவலகத்தின் 3ஆம் புத்தகத்தில் ஏறும்.

பட்டா இருக்கிறதே என்று நிம்மதி வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் வட்டம் பீமந்தாங்கலில் அரசின் அநாதீன (உரிமை கோரப்படாத) நிலத்துக்கே தனியார் பெயரில் பட்டா போட்டு, நெடுஞ்சாலைக்காக நிலம் எடுத்தபோது இழப்பீடும் வாங்கிய விவகாரம் 2021இல் வெளிவந்தது. பட்டாக்களை அரசு ரத்து செய்தது. தாலுகா அலுவலகத்தில் அ-பதிவேட்டு நகல் வாங்கி, நிலம் புறம்போக்கா, அநாதீனமா, பஞ்சமியா என்று பாருங்கள்.

ஏமாந்த பிறகு எங்கே போவது? இங்கேதான் பலர் மாதக்கணக்கை வீணாக்குகிறார்கள். சார்பதிவாளரிடம் "ரத்து செய்யுங்கள்" என்று கெஞ்சிப் பயனில்லை. மோசடிப் பத்திரத்தை ரத்து செய்ய மாவட்டப் பதிவாளருக்கு 2022இல் அதிகாரம் தந்த பதிவுச் சட்டத்தின் 77-அ பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் செல்லாது என்று அறிவித்தது. ஆக, பத்திரம் செல்லாது என்ற தீர்ப்பை உரிமையியல் நீதிமன்றத்தில்தான் வாங்க வேண்டும். அதற்கான காலவரம்பு, மோசடி தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. பேச்சுவார்த்தை, பஞ்சாயத்து என்று இழுத்து அந்த 3 ஆண்டைத் தொலைக்காதீர்கள்.

வழக்கோடு கூடவே மாவட்டப் பதிவாளரிடம் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். பதிவுச் சட்டம் 82ஆம் பிரிவுப்படி ஆள்மாறாட்டத்துக்கு 7 ஆண்டு வரை சிறை. 83ஆம் பிரிவுப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று மனுவிலேயே குறிப்பிடுங்கள். போலி ஆவணத்துக்கும் மோசடிக்கும் காவல்துறையின் நில மோசடிப் பிரிவில் தனிப் புகார் வேண்டும். வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 175(3)இன்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். "சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். போலிக் கையெழுத்து சிவில் மேட்டர் இல்லை.

மனையை வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கு: உட்பிரிவு இல்லாத மனைகளுக்கு இப்போது பதிவு முடிந்ததும் பட்டா தானாகவே பெயர் மாறிவிடுகிறது. உங்களுக்கு யாரும் தகவல் சொல்ல வரமாட்டார்கள். வருடத்துக்கு இரண்டு முறையாவது உங்கள் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், பட்டாவில் பெயர் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மாறியிருந்தால் கோட்டாட்சியரிடம் உடனே மேல்முறையீடு. தெரியாத பெயரில் ஒரு பதிவு தெரிந்தால் அன்றே சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆட்சேபனை மனு கொடுங்கள். மனுவின் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் அங்கிருந்து வெளியே வராதீர்கள்.