நொய்யல் கரையில் ஒரு வகுப்பறை

ஊத்துக்குளி என்றதும் வெண்ணெய் நினைவுக்கு வரும். அங்கிருந்து தென்கிழக்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்வது இந்த ஊரைத்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

இந்த ஊர் எப்படி வகுப்பறையானது? பழைய வரலாறும் தொல்லியலும் பல்கலைக்கழகப் பாடங்களான கதையிலிருந்து தொடங்குவோம். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பண்டைய இந்திய வரலாற்றுக்குத் தனித்துறை வந்தது 1918-இல். தொல்லியலுக்குப் பரோடா பல்கலைக்கழகம் 1950-இல் துறை கண்டது. நம் பக்கம் 1981-இல் தோன்றிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், 1985-இல் கொடுமணலில் அகழாய்வுக்காக மண்வெட்டியை வைத்தது. பேராசிரியர்கள் ஒய். சுப்பராயலு, கா. ராஜன் போன்றோர் பல பருவங்கள் அங்கே உழைத்தார்கள். பின்னர் புதுவைப் பல்கலைக்கழகமும் வந்தது.

தொல்லியலைப் புத்தகத்தில் மட்டும் படித்துவிட முடியாது, நேயர்களே. குழியில் இறங்க வேண்டும். மண்ணை அடுக்கடுக்காக, சின்னக் கரண்டியால் சுரண்ட வேண்டும். கறுப்பு சிவப்புப் பானை ஓடு ஒன்று தட்டுப்படும். தூரிகையால் துடைத்தால், கீறிய எழுத்தில் ஒருவர் பெயர்! ஆதன், சாத்தன் என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த ஓடுகள் இங்கே நிறையவே கிடைத்தன. கல்மணி செய்த பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது சுடுமண் தக்களி. நூல் நூற்கப் பயன்பட்டது. பனியன் கம்பெனிகள் நிறைந்த திருப்பூர் வட்டாரத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்தால், நூலோடு தங்கள் மண்ணுக்குள்ள உறவு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையானது என்பது புரியும். விடுமுறைக்கு வெகுதூரம் போகிறோமே, ஒருநாள் கொடுமணலுக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.