சேற்று நிறத்தில் ஒரு புதிர்
திருவனந்தபுரத்துக்குக் குளிர்காலத்தில் வந்து சேரும் உள்ளான்களைப் படமெடுக்கலாம். பெயர் சொல்வதுதான் கஷ்டம்.

நகரின் தெற்கு எல்லையில், வெள்ளாயணி ஏரியை ஒட்டிக் கிடக்கின்றன புஞ்சக்கரி வயல்கள். உழுது நீர் நிறுத்திய சேற்றில் அதிகாலையில் ஏதோ நகர்கிறது. வரப்பில் நிற்பவருக்கு முதலில் தெரிவது வெறும் மண்கட்டி. அது ஓடுகிறது, நிற்கிறது, சேற்றைக் கொத்துகிறது. அப்போதுதான் அது பறவை என்றே தெரிகிறது.

ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி ஏப்ரல் வரை இந்த விருந்தாளிகள் இருப்பார்கள். ஐரோப்பாவின் வடகோடியிலும் சைபீரியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு வருபவை பல. கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம்தான். அது துருவப் பகுதியிலிருந்து இந்தியா வரை பறந்து வருகிறது.

சிக்கல் என்னவென்றால், அழகான இனப்பெருக்கக் கால உடையைக் களைந்துவிட்டு, எல்லாமே பழுப்பும் சாம்பலுமாக மாறிவிடுகின்றன. எனவே புதிதாகக் கற்பவர்கள் நிறத்தை மறந்துவிட்டு அளவு, அலகு, கால், நடை, குரல் என்ற ஐந்தையும் பார்ப்பது நல்லது. வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டு, தோள் அருகே வெள்ளைப் பட்டை தெரிய நிற்கிறதா? சாதாரண உள்ளான். மேலுடலில் புள்ளிகள், கண்ணுக்கு மேல் நீண்ட வெள்ளைப் புருவம், மஞ்சளான கால்கள் என்றால் பொரி உள்ளான். மலையாளத்தில் புள்ளிக்காடக்கொக்கு. அதன் நெருங்கிய உறவான கிரீன் சேண்ட்பைப்பருக்கு மலையாளிகள் வைத்த பெயர் கரிம்பன் காடக்கொக்கு. உட்கார்ந்திருக்கும்போது இரண்டும் குழப்பும். பறந்தால் வேஷம் கலைந்துவிடும்: கரிம்பனின் இறக்கையின் அடிப்பக்கம் கருமை, பொரி உள்ளானுக்கு வெளிர்நிறம்.

காமிரா பயன்படுவது இங்கேதான். கண்ணுக்குச் சிக்காத அரை நொடியை லென்ஸ் பிடித்துவிடும். ஆனால் வெறும் அழகான முகம் போதாது. பக்கவாட்டில் நிற்கும் படம் ஒன்று, கால்கள் தெரியும் படம் ஒன்று, பறக்கும்போது இறக்கையும் பிட்டமும் தெரியும் படம் ஒன்று என மூன்று இருந்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். வெயில் ஏறினால் சேற்றிலிருந்து எழும் வெக்கை படத்தை நடுங்க வைக்கும். எனவே காலை எட்டரை மணிக்குள் வேலையை முடிப்பது புத்திசாலித்தனம். வரப்பில் குனிந்து, பறவையின் கண் மட்டத்துக்குக் காமிராவை இறக்கினால் படத்துக்கு உயிர் வரும்.

கடற்கரையிலும் பொழிமுகங்களிலும் சோதனை இன்னும் கடுமை. அங்கே வரும் மணல் உப்புக்கொத்திகளில் பெரியது எது, சிறியது எது என்பதில் அனுபவசாலிகளும் தடுமாறுவார்கள். அலகின் நீளத்தை, அலகின் அடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையிலான தூரத்தோடு ஒப்பிடுவது ஒரு வழி. பெரிய இனத்தில் அலகே நீளம். படம் இருந்தால் வீட்டில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்து அளக்கலாம். சிறிய இனத்தையே விஞ்ஞானிகள் அண்மையில் சைபீரிய, திபெத்திய என இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். தேதியும் இடமும் எழுதிவைத்த பழைய படங்களுக்குத் திடீரென மவுசு.

இந்த ஊருக்குப் பறவை நோட்டம் புதிதல்ல. சலீம் அலி திருவிதாங்கூரில் பறவைக் கணக்கெடுப்பைத் தொடங்கியது 1933ல். இந்துசூடன் என்ற பெயரில் எழுதிய கே.கே. நீலகண்டனின் ‘கேரளத்திலே பக்ஷிகள்’ 1958ல் வந்து, மலையாளிகளைத் தம் மொழியிலேயே பறவை பார்க்கவைத்தது. 2015 முதல் 2020 வரை தன்னார்வலர்கள் மாநிலம் முழுவதும் கட்டம் கட்டமாக அலைந்து பறவை அட்லஸுக்காகத் தகவல் திரட்டினார்கள்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. 2024ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தன் சிவப்புப் பட்டியலில் கர்லியூ சேண்ட்பைப்பர், சாம்பல் உப்புக்கொத்தி உள்ளிட்ட பல கரையோரப் பறவைகளை முன்பைவிட ஆபத்தான பிரிவுக்கு மாற்றியது. நெல்வயல்களையும் சதுப்புகளையும் காக்கக் கேரளத்தில் 2008 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. ஆனால் வயல் என்பது காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. அதில் சேறு வேண்டும், சேற்றில் புழு வேண்டும். சங்குமுகத்தில் கடல் மணலை விழுங்கியதை நகரமே பார்த்தது. மணல் போனால் மணல் பறவைகளுக்கு நிற்க இடமில்லை.

படமெடுப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. ஏப்ரலுக்குள் இந்தப் பறவைகள் தின்று கொழுத்தாக வேண்டும். அந்தக் கொழுப்புதான் திரும்பிப் போகும் பயணத்துக்குப் பெட்ரோல். 2022ல் ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ. தூரத்தை எங்கும் இறங்காமல் பறந்தது இந்தச் சேமிப்பை நம்பித்தான். பறக்கும் படத்துக்காகக் கூட்டத்தைக் கைதட்டிக் கிளப்புகிறவர் அந்த எரிபொருளைத்தான் வீணாக்குகிறார். தலையை நிமிர்த்தி, மேய்வதை நிறுத்தினால் நெருங்கியது போதும் என்று அர்த்தம். பொறுமையாக உட்கார்ந்தால் அது தானாகவே பறக்கும். அப்போது இறக்கையின் அடிப்பக்கமும் கிடைக்கும், பெயரும் கிடைக்கும்.