புகையின் கணக்கு

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி உழவும் தொழிலும் ஒருங்கே தழைத்த நிலமாகும். வடக்கே சேர்வராயன் மலையும், கிழக்கே கொல்லிமலையும், மேற்கே காவிரியாறும் அதற்கு எல்லைகளாக அமைந்துள்ளன. இங்கு வாழும் மக்கள் கணக்கில் வல்லவர்கள். கோழிப் பண்ணைகளில் முட்டைகள் நாள்தோறும் எண்ணப்படுகின்றன. மரவள்ளிக் கிழங்கை நிறுத்துப் பார்ப்பதோடு நில்லாமல், அதிலுள்ள மாவுச்சத்தையும் சோதித்தே சேகோ ஆலையினர் விலை பேசுகின்றனர். லாரி சென்ற தொலைவும், அது குடித்த டீசலும் ஏட்டில் எழுதப்படுகின்றன. ஆயினும், ஒரு பொருள் மட்டும் நெடுங்காலம் எந்தப் பேரேட்டிலும் ஏறாமலே இருந்துவந்தது. ஆலைகளின் புகைபோக்கி வழியே வெளியேறும் வாயுவே அப்பொருள். இப்பொழுது அதற்கும் கணக்கு எழுதவேண்டும் என்று சட்டம் கூறுகிறது. அக்கணக்கு ஏன் வேண்டும், எவ்வாறு எழுதப்படுகிறது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

புகைபோக்கியிலிருந்து எழும் கரும்புகை கண்ணுக்குத் தெரியும். அதனோடு கலந்து செல்லும் கரியமில வாயுவுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. இதனைக் கார்பன் டை ஆக்சைடு என்றும் கூறுவர். கதிரவனால் சூடேறிய பூமி அவ்வெப்பத்தை மீண்டும் விண்வெளிக்குத் திருப்பி அனுப்புகிறது. அவ்வாறு செல்லும் வெப்பத்தின் ஒரு பகுதியைக் கரியமில வாயு, மெத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு முதலியன தடுத்து நிறுத்துகின்றன. ஆகவே இவை பசுமை இல்ல வாயுக்கள் எனப்படுகின்றன. இவை அளவோடு இருத்தல் உயிர்களுக்கு நன்மையே. அளவு மீறின் பூமி மேன்மேலும் வெப்பமடையும்.

அளவு மீறுகிறது என்பதை உலகம் அறிந்ததும் ஒரு கணக்கினாலேயே ஆகும். சார்லஸ் கீலிங் என்னும் அமெரிக்க அறிஞர் 1958-ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையில் கருவி ஒன்றை நிறுவிக் காற்றை அளக்கத் தொடங்கினார். அன்று பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு ஏறத்தாழ 315 பங்கு இருந்தது. இன்று அது 420 பங்கைக் கடந்துவிட்டது. கீலிங் 2005-இல் மறைந்தார். அவர் தொடங்கிய அளவீடு இன்றும் தொடர்கிறது. ஒருவர் பொறுமையோடு எழுதிவைத்த எண்கள் உலகத்தின் கண்களைத் திறந்தன.

கண்ணுக்குத் தெரியாத வாயுவை எவ்வாறு எடைபோடுவது? இவ்வினாவுக்கு வேதியியல் விடை கூறுகிறது. புகையைப் பிடித்து நிறுக்க வேண்டுவதில்லை; உலைக்குள் சென்ற பொருளை நிறுத்தால் போதும். சிமெண்டுக்கு மூலப்பொருளாகிய சுண்ணாம்புக்கல்லை எடுத்துக்கொள்வோம். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைக் கடும் வெப்பத்தில் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு எஞ்சும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாய்ப் பறந்துபோகும். சேலத்தை அடுத்த சுண்ணாம்புக்கரட்டில் கிடைக்கும் வெள்ளைக்கல்லாகிய மாக்னசைட்டும் இத்தகையதே. அதில் ஒரு டன்னைச் சுட்டால் பாதிக்குச் சற்று மிகுதியான எடை வாயுவாகிவிடும்.

நிலக்கரியின் கணக்கு இன்னும் வியப்பானது. 12 கிலோ கார்பன் முற்றும் எரியும்பொழுது, காற்றிலிருந்து 32 கிலோ ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 44 கிலோ கரியமில வாயுவாகிறது. ஆகவே, ஒரு டன் நிலக்கரியில் 400 கிலோ கார்பன் இருப்பின், அது வெளியிடும் வாயு ஏறத்தாழ ஒன்றரை டன் ஆகும். எரித்த பொருளைவிட எழுந்த வாயு எடை மிகுந்து நிற்பதன் காரணம் இதுவே.

ஓர் ஆலையின் கணக்கில் மூன்று இனங்கள் இடம்பெறும். முதலாவது, நிலக்கரி, எண்ணெய் முதலிய எரிபொருள்களை எரிப்பதால் வருவது. பொட்டனேரி எஃகாலையின் ஊதுலையில் இரும்புத் தாதுவோடு கல்கரி எரிவதையும், மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிவதையும் இதற்குக் காட்டாகக் கூறலாம். இரண்டாவது, செய்முறையிலேயே பிறப்பது. சிமெண்டு உலையில் சுண்ணாம்புக்கல் சுடப்படுதல் இவ்வகை. மூன்றாவது, விலைக்கு வாங்கும் மின்சாரத்தால் வருவது. உப்புநீரில் மின்சாரம் செலுத்திக் காஸ்டிக் சோடா செய்யும் ஆலையில் பெரும் புகை காணப்படாமல் இருக்கலாம். எனினும், அது வாங்கும் மின்சாரத்திற்காக வேறோர் இடத்தில் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அந்தப் பங்கும் மின்சாரத்தைப் பயன்படுத்தியவர் கணக்கிலே எழுதப்பட வேண்டும்.

காவிரிக் கரையிலுள்ள பள்ளிபாளையம் காகித ஆலை மற்றொரு நுட்பத்தை விளக்கும். அங்குக் கரும்புச் சக்கையும் காகிதத்திற்கு மூலப்பொருளாகிறது. தாவரப் பொருள் எரியும்பொழுதும் கரியமில வாயு வெளிப்படும். ஆயினும், அப்பயிர் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட வாயுவே திரும்பச் செல்கிறது. அடுத்த பயிர் அதனை மீண்டும் உட்கொள்ளும். ஆதலின், இதனை நிலக்கரிக் கணக்கோடு கலவாமல் தனியே எழுதுவது மரபு.

இனிச் சட்டம் வளர்ந்த வரலாற்றைக் காண்போம். இந்திய நாடாளுமன்றம் 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தை இயற்றியது. அதன் வழியே 2012-இல் எட்டுத் தொழில்களைச் சேர்ந்த 478 பெரிய ஆலைகளுக்கு எரிசக்தியைச் சிக்கனப்படுத்தும் இலக்குகள் விதிக்கப்பட்டன. அச்சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023-இல் கார்பன் வரவு வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் வெளியான விதிகள் அலுமினியம், சிமெண்டு, காஸ்டிக் சோடா, காகிதம் ஆகிய நான்கு தொழில்களைச் சேர்ந்த 282 ஆலைகளுக்கு இலக்கு வகுத்தன. எஃகு, நெசவு முதலிய தொழில்களும் இத்திட்டத்தின் வரம்பில் அடங்கும்.

ஒரு டன் பொருளைச் செய்வதற்கு எத்தனை டன் வாயு வெளியாகிறது என்பதே இலக்கின் அளவுகோல். 2023-24-ஆம் ஆண்டின் நிலையை அடிப்படையாகக் கொண்டு, பின்வரும் ஆண்டுகளுக்கு இலக்கு குறிக்கப்படுகிறது. இலக்கினும் குறைவாக வெளியிடும் ஆலை, மிச்சப்படுத்திய ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சான்றிதழ் பெற்று அதனை விற்கலாம். இலக்கை மீறும் ஆலை அத்தகைய சான்றிதழை வாங்கி ஈடுசெய்ய வேண்டும். அவ்வாறு செய்யத் தவறினால், சராசரி விலையைப்போல் இருமடங்கு தொகையைச் சுற்றுச்சூழல் இழப்பீடாகச் செலுத்த நேரிடும்.

இத்திட்டம் முழுவதும் ஆலையின் கணக்கேட்டையே ஊன்றி நிற்கிறது. எப்பொருளை, எக்கருவியால், எவ்வளவு காலத்திற்கு ஒருமுறை அளப்பது என்பதை ஆலை முன்னரே திட்டமாக எழுதிவைத்தல் வேண்டும். எடைமேடையும் மின்மானியும் குறித்த காலத்தில் சரிபார்க்கப்பட வேண்டும். வந்திறங்கும் நிலக்கரியின் மாதிரியை ஆய்வுக்கூடத்தில் சோதித்தல் வேண்டும். கொள்முதல் சீட்டும், இருப்பு ஏடும், உலையின் பதிவும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பின்னர், அங்கீகாரம் பெற்ற வெளியார் நிறுவனம் ஒன்று அவற்றையெல்லாம் ஆராய்ந்து சான்று அளிக்கும்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் நிலக்கரி எரிக்கும் ஆலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் எடைமேடை நூற்றுக்கு இரண்டு பங்கு குறைத்துக் காட்டினால், 2,000 டன் நிலக்கரி ஏட்டில் ஏறாது போகும். ஏறத்தாழ 3,000 டன் வாயு மறைந்துபோகும். ஏட்டில்தான் மறையும், வானில் மறையாது. அன்றியும், உண்மையாக எழுதிய மற்றோர் ஆலை பொருள் செலவிட்டுப் புதிய உலை அமைத்திருக்க, பொய்யாக எழுதிய ஆலை அதே சான்றிதழைப் பெற்று இலாபம் அடையும். பொய்க்கணக்கு காற்றுக்கும் தீங்கு, நேர்மையாளர்க்கும் தீங்கு.

கணக்கு எழுதுவதனாலேயே வாயு குறைந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. ஒரு டன் பொருளுக்கு 0.80 டன் வாயு வெளியிட்ட ஆலை, அதனை 0.76 ஆகக் குறைத்ததாகக் கொள்வோம். அதே காலத்தில் உற்பத்தி ஒரு லட்சம் டன்னிலிருந்து 1,20,000 டன்னாக உயர்ந்தால், மொத்த வாயு 80,000 டன்னிலிருந்து 91,200 டன்னாகப் பெருகிவிடும். இலக்கை எட்டிய ஆலையும் வானத்தின் சுமையை மிகுவிக்கக்கூடும். இவ்வுண்மையை நமக்குக் காட்டுவதும் கணக்கே. மேலும், சட்டம் இன்னும் எட்டாத சிறு ஆலைகள் பல உள்ளன. சேகோ ஆலைகளின் கழிவுநீர் தேங்கி அழுகும்போது மெத்தேன் எழுகிறது. நூறாண்டுக் கால அளவில் நோக்கின், அதன் வெப்பமூட்டும் ஆற்றல் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு ஆகும். அக்கழிவுநீரை மூடிய கலத்திலிட்டு, மெத்தேனைப் பிடித்து எரிபொருளாக்கும் ஆலைகளும் உண்டு. வீணாவதை அளந்து அறிந்தவரே அதனைப் பயனாக்க இயலும்.

இக்கணக்கின் தேவை நம் நாட்டு எல்லைக்குள் அடங்குவதன்று. 2026 சனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம், தன் சந்தைக்கு வரும் எஃகு, சிமெண்டு, அலுமினியம் முதலியவற்றுக்கு அவற்றின் உற்பத்தியில் வெளியான வாயுவின் அளவுக்கேற்பக் கட்டணம் விதிக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. அங்கே பொருள் விற்க விரும்புவோர் நம்பத்தக்க கணக்கைக் காட்டியாக வேண்டும்.

அக்கணக்கின் தொடக்கம் பெரிய அலுவலகங்களில் இல்லை. நள்ளிரவில் எடைமேடையருகே நின்று எண்ணைக் குறிக்கும் தொழிலாளியின் கையிலும், மாதிரியைச் சோதிக்கும் ஆய்வுக்கூடப் பணியாளரின் கையிலும் அது தொடங்குகிறது. இன்று பள்ளியில் வேதியியலும் கணக்கும் பயிலும் மாணவ மாணவியர் சிலர் நாளை அவ்விடங்களில் அமர்வர். அவர்கள் எழுதும் எண்களைப் பெரும்பாலோர் ஒருநாளும் பார்க்கமாட்டார்கள். ஆயினும், அவ்வெண்கள் மெய்யாக இருந்தால்தான் சட்டம் பயன் தரும். அப்பயன் இச்சமவெளியில் மழையை நம்பி விதைக்கும் உழவர்க்கும் ஒருநாள் வந்து சேரும்.