உஷார்! வீட்டுக்குக் கார் லிஃப்ட் வாங்கப் போகிறீர்களா? முதலில் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்!

நில்லுங்கள்! அட்வான்ஸ் பணத்தை அனுப்ப ஜிபேயைத் திறந்துவிட்டீர்களா? மூடி வையுங்கள். இதைப் படித்து முடிக்கும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

வீட்டு போர்டிகோவில் கார் லிஃப்ட் மாட்டும் ஆசை நம் ஊரிலும் புகுந்துவிட்டது. யூடியூபில் அமெரிக்கக்காரர் தன் வீட்டு ஷெட்டில் பொத்தானை அழுத்துகிறார், கார் மேலே போகிறது, அடியில் நின்று விசிலடித்தபடி ஆயில் மாற்றுகிறார். அதைப் பார்த்த நம் பிள்ளைகளுக்குக் கை பரபரக்கிறது. இன்னொரு கூட்டம் மழைக்குப் பயந்தது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் கார் முங்கியதை மறக்காதவர்கள், 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி வரிசையாக நிறுத்தினார்களே, அந்தக் கூட்டம். பாலத்துக்கு ஓடுவானேன், வீட்டிலேயே தூக்கி வைத்துவிடலாமே என்று கணக்குப் போடுகிறார்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் இரண்டு கார் வாங்கியவர்களும் உண்டு.

ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் வாஷிங் மெஷின் வாங்குவதுபோல் ஸ்டார், வாரண்டி, இ.எம்.ஐ. பார்த்து வாங்கும் சாமான் இல்லை இது. ஒன்றரை, இரண்டு டன் இரும்பு உங்கள் தலைக்கு மேலே தொங்கப் போகிறது. அதன் அடியில் உங்கள் பிள்ளை நிற்கப் போகிறான்.

சென்னைக்குத் தெற்கே ஒரு புறநகர். தனி வீடு. வீட்டுக்காரர் பெயர் வேண்டாம், பாவம். ஐ.டி. வேலை, கார் என்றால் உயிர். இழுத்து மூடிய ஒர்க்‌ஷாப் ஒன்றிலிருந்து இரண்டு தூண் வைத்த பழைய டூ போஸ்ட் லிஃப்ட் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினார். மாட்ட வந்த ஆட்கள் பார்க்கிங் டைல்ஸ் மேலேயே டிரில் போட்டார்கள். நாலைந்து ஆங்கர் போல்ட்டுகள் இறுகவே இல்லை. முறுக்க முறுக்கச் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தன. "சிமெண்ட் பால் ஊத்தினா கப்புனு புடிச்சுக்கும் சார்" என்றார்கள். ஊற்றினார்கள். கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவருடைய சின்ன காரைத் தூக்கியபோது ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வினை. தைரியம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சானின் பெரிய எஸ்.யூ.வி.யை ஏற்றினார். மேலே போன சில நிமிடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். ஒரு தூணின் வெளிப்பக்க போல்ட்டுகள் டைல்ஸோடு பெயர்ந்து வந்தன. தூண் உள்பக்கம் சாய்ந்தது. நல்லவேளை, அவர் அடியில் இல்லை, பக்கத்தில் நின்றிருந்தார். ஆனால் என்ன செய்தார் தெரியுமா? வண்டி சரிவதைப் பார்த்ததும் தடுக்கக் கை நீட்டினார். இரண்டு டன் வண்டியைக் கையால்! யோசித்துச் செய்வதில்லை, உடம்பு தானாகச் செய்துவிடுகிறது. வண்டிக்கும் போர்டிகோ தூணுக்கும் நடுவில் வலது கை மாட்டியது. இரண்டு விரல்கள் போயின.

பிறகு தரையைத் தோண்டிப் பார்த்தார்கள். டைல்ஸ், அதன் கீழே மணல், அதன் கீழே மூன்றங்குலத்துக்குச் செங்கல் ஜல்லிக் கலவை. அவ்வளவுதான். ஓர் அடி தள்ளி செப்டிக் டேங்க்கின் விளிம்பு. லிஃப்டுக்கு ஒரு கீறல் இல்லை. லிஃப்ட் நல்ல லிஃப்ட். தரைதான் தரை இல்லை.

விற்பவர் உங்களிடம் என்ன கார் என்று கேட்பார், என்ன கலர் வேண்டும் என்றுகூடக் கேட்பார். உங்கள் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டார். நம் வீடுகளில் போர்டிகோவுக்கு அடியில்தானே எல்லாம் இருக்கிறது! தண்ணீர் சம்ப், செப்டிக் டேங்க், சாக்கடைக் குழாய், சில வீடுகளில் மழைநீர் சேகரிப்புக் குழி. வீடு கட்டியபோது இருந்த மேஸ்திரிக்குத்தான் எது எங்கே என்று தெரியும். பழைய வீட்டை வாங்கியவர்களுக்கு அதுவும் தெரியாது.

"தினமும் கார் ஏறி நிற்கிற தரைதானே?" என்று கேட்பீர்கள். கார் நிற்பது வேறு, லிஃப்ட் நிற்பது வேறு. டூ போஸ்ட் லிஃப்டில் காரின் எடை, அதைத் தாங்கும் இரும்புக் கைகள் வழியாக இரண்டு தூண்களையும் உள்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். வெளிப்பக்க போல்ட்டுகளைத் தரையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். அந்தப் பிடுங்கலைத் தாங்க வேண்டியது காங்கிரீட் மட்டும்தான். டைல்ஸ் தாங்காது, மணல் தாங்காது, சிமெண்ட் பால் தாங்கவே தாங்காது. ஃபோர் போஸ்ட் லிஃப்டில் இந்த இழுப்புக் குறைவு. அதற்காக நிம்மதி என்று நினைக்காதீர்கள். மொத்த எடையும் நான்கு சின்னத் தகடுகள் வழியாகத் தரையில் இறங்குகிறது. அதில் ஒன்று சம்ப் மூடிக்குப் பக்கத்தில் வந்தால்?

டூ போஸ்ட் தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் கையேட்டில் கேட்கும் குறைந்தபட்சமே 4 அங்குல காங்கிரீட், சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு தாங்கும் வலிமை. கனமான லிஃப்டுகளுக்கு 6 அங்குலம், அதற்கு மேலும் கேட்கிறார்கள். நம் கணக்கில் எம் 25 காங்கிரீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான போர்டிகோக்களில் அது கிடையாது. அப்படியென்றால் தூண் நிற்கும் இடத்தை வெட்டி, கம்பி கட்டி, புதிதாக அடித்தளம் போட வேண்டும். போட்டுவிட்டு மறுநாளே போல்ட் அடிக்கக் கூடாது. 28 நாள் பொறுக்க வேண்டும். பொறுக்க முடியாது என்கிறீர்களா? அப்படியானால் லிஃப்டும் வேண்டாம்.

இன்னொன்று. மழைத் தண்ணீரும் கார் கழுவிய தண்ணீரும் ஓடட்டும் என்று நம் போர்டிகோவைத் தெருப்பக்கம் சரித்துத்தான் கட்டியிருப்பார்கள். லிஃப்டுக்கு மட்டமான தரை வேண்டும். தகட்டுக்கு அடியில் துண்டு இரும்பைச் செருகி மட்டம் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால், எவ்வளவு செருகலாம் என்று கையேட்டில் இருக்கும், காட்டச் சொல்லுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை! உங்கள் பார்க்கிங்குக்கு அடியில் பேஸ்மெண்ட் இருந்தால் நீங்கள் நிற்பது மண் மேல் இல்லை, இன்னொரு கூரையின் மேல். சில புதுக் கட்டடங்களில் அந்தக் கூரைக்குள் இழுத்துக் கட்டிய இரும்புக் கேபிள்கள் ஓடுகின்றன. பி.டி. ஸ்லாப் என்பார்கள். அதில் டிரில் இறங்கினால் உங்கள் லிஃப்டோடு போகாது, கட்டடத்துக்கே கேடு. கட்டடத்தின் இன்ஜினீயர் எழுத்தில் தராமல் தொடாதீர்கள். சங்கச் செயலாளர் வாய்வார்த்தையாகச் சொன்ன சம்மதம் கணக்கில் வராது.

உயரக் கணக்கைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், டேப் எடுத்து அளந்தால் தெரிந்துவிடும். இன்னோவா கிறிஸ்டா ஏறத்தாழ 1.8 மீட்டர். அடியில் நிமிர்ந்து நிற்க அதை இன்னொரு 1.8 மீட்டர் தூக்க வேண்டும். பத்தடி போர்டிகோ 3 மீட்டர்தான். மேலே பீம், ஃபேன், லைட் எல்லாம் இருக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சின்ன செடானை நிறுத்தவே 3.2 மீட்டர் போல வேண்டும். கூரையில் இடித்தால் கார்தான் நசுங்கும் என்று நினைக்காதீர்கள். மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும், லிஃப்ட் சரியும்.

4 டன் என்று தகட்டில் எழுதியிருக்கிறதா? டூ போஸ்ட் லிஃப்டில் அது நான்கு கைகளுக்கும் சேர்த்து. ஒரு கைக்கு ஒரு டன்தான். ஃபார்ச்சூனர் போன்ற வண்டி இரண்டு டன்னுக்கு மேல், அதிலும் இன்ஜின் இருக்கும் முன்பக்கம் கனம் கூடுதல். கையின் நுனியில் காரைத் தாங்கும் பேடை ஓர் அங்குலம் தள்ளி வைத்தாலும் கணக்கு மாறும். தூக்கிய வண்டியிலிருந்து கியர் பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கினால் ஒரு நொடியில் முன்பக்கம் லேசாகி, வண்டி பின்பக்கம் சாய்ந்து கவிழும். உயரமான ஸ்டாண்டுகளை முட்டுக் கொடுக்காமல் அந்த வேலையைத் தொடவே கூடாது.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களே, இன்னும் கவனம். உங்கள் காரின் அடிவயிறு முழுக்க பேட்டரி. பேட் தப்பான இடத்தில் பட்டால் பேட்டரி உறையை நசுக்கும், தீ வரை போகலாம். கார் கம்பெனி குறித்துத் தந்த ஜாக் பாயிண்ட் தவிர வேறெங்கும் வைக்காதீர்கள்.

ஸ்டிக்கரை நம்பிவிடாதீர்கள்! 'சி.இ.' என்று இரண்டு எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். ஐரோப்பாவில் வண்டி லிஃப்டுகளுக்கான தரம் இ.என். 1493. சான்றிதழைக் கேளுங்கள், அந்த எண் இருக்கிறதா, உங்கள் மாடல் எண்ணும் அதில் உள்ள மாடல் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். அமெரிக்காவில் ஏ.எல்.ஐ. என்ற அமைப்பின் தங்க நிற லேபிள் ஒட்டிய லிஃப்டைத்தான் விவரமறிந்தவர்கள் வாங்குகிறார்கள். சான்றிதழ் கேட்டதும் விற்பவர் பேச்சை விலைக்குத் திருப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது லாக். லிஃப்ட் மேலே போகும்போது டக், டக் என்று கேட்கும். அது இரும்பு லாக் ஒவ்வொரு பல்லாகத் தாண்டும் சத்தம். வேண்டிய உயரம் வந்ததும் கொஞ்சம் கீழே இறக்கி, வண்டியை அந்த லாக்கின் மேல் உட்கார வைக்க வேண்டும். இரண்டு தூணிலும் உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஆயில் அழுத்தத்தில் நிற்கும் வண்டியின் அடியில் ஒரு நொடிகூடப் போகக் கூடாது. ஆயில் ஹோஸ் சொல்லிவிட்டு வெடிக்காது. விற்பவர் செய்து காட்டும்போது வண்டியை லாக்கில் உட்கார வைக்காமலே அடியில் நடந்தால், அவருக்கே தொழில் தெரியவில்லை என்று அர்த்தம்.

கரண்ட் விஷயமும் இருக்கிறது. ஒர்க்‌ஷாப் லிஃப்டுகளில் பல 415 வோல்ட் த்ரீ பேஸ். உங்கள் வீடு சிங்கிள் பேஸாக இருந்தால் ஏதாவது ஒட்டுப்போட்டு ஓட்டித் தருகிறேன் என்பார்கள். சம்மதிக்காதீர்கள். எர்த் சரியாக இருக்க வேண்டும், மோட்டார் வெள்ளம் ஏறாத உயரத்தில் இருக்க வேண்டும். மழைக்குப் பயந்து லிஃப்ட் வாங்கிவிட்டு மோட்டாரை முழங்கால் உயரத்தில் மாட்டியவர்களும் இருக்கிறார்கள், என்ன சொல்ல!

திருவான்மியூர், தூத்துக்குடி என்று கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் வயர் ரோப்பை அடிக்கடி பாருங்கள். உப்புக் காற்று உள் இழைகளைத் தின்றுவிடும். வெளியே கிரீஸ் பளபளக்கும்.

வீட்டில் குழந்தைகள் உண்டா? பந்து உருண்டு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். ஸ்விட்ச் போர்டுக்குப் பூட்டு வேண்டும், சாவி பெரியவர் கையில் இருக்க வேண்டும். இறக்கும் முன் குனிந்து பாருங்கள். நாய் படுத்திருக்கும், பூனை குட்டி போட்டிருக்கும், பாட்டி நிழலுக்கு நாற்காலி போட்டிருப்பார்.

லிஃப்ட் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டதா? இன்றைக்கே போய்ப் பாருங்கள். போல்ட்டைச் சுற்றி மயிரிழை வெடிப்பு. தகட்டின் ஒரு ஓரம் தரையை விட்டு எழும்பியிருப்பது. ஒரு பக்கம் முந்தியும் ஒரு பக்கம் பிந்தியும் ஏறுவது. லாக் சத்தம் ஒரு தூணில் மட்டும் கேட்பது. தூக்கி வைத்த வண்டி காலையில் கொஞ்சம் தாழ்ந்திருப்பது. தரையில் ஆயில் சொட்டு. பிரிந்து நிற்கும் கம்பி இழை. பழைய லிஃப்டில் வெல்டிங் மேல் மட்டும் புதுப் பெயிண்ட். இவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் வண்டியை ஏற்றாதீர்கள். போல்ட்டை நீங்களே இன்னொரு சுற்று முறுக்கிச் சமாதானம் ஆகாதீர்கள்.

ஆயில் மாற்ற மட்டும்தான் என்றால் லிஃப்டே எதற்கு? நல்ல ஜாக்கி, தரமான ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு முட்டு போதும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஹாலோ பிளாக்கை அடுக்கி அதன் மேல் காரை நிறுத்துகிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அது கீறலே காட்டாமல் பொடியாகும்.

கடைசியாக, கரண்ட் போய் வண்டி மேலேயே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? லாக்கை விடுவிக்க வண்டியை முதலில் கொஞ்சம் மேலே தூக்க வேண்டும், அதற்கு மோட்டார் ஓட வேண்டும். ஓடாதபோது சிலர் சுத்தியலை எடுத்து லாக்கைத் தட்டுகிறார்கள். ஐயோ, வேண்டாம்! ஒரு பக்க லாக் விடுபட்டு மறுபக்கம் மாட்டிக்கொண்டால் வண்டி உங்கள் பக்கம்தான் வரும். அப்படியே விட்டுவிடுங்கள். மெயினை அணையுங்கள், கேட்டைப் பூட்டுங்கள், பிள்ளைகளை உள்ளே கூப்பிடுங்கள். கரண்ட் வரட்டும், அல்லது மாட்டிய கம்பெனி ஆள் வரட்டும். அன்று அலுவலகம் போக ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம். வண்டி சரிய ஆரம்பித்துவிட்டால் பிடிக்கப் போகாதீர்கள், ஓடுங்கள். யாராவது அடியில் சிக்கிக்கொண்டால் உடனே 112.